அளவு தவறாத சிற்றூர்

"பெரியவர்கள் விளையாடும் பொம்மை ரயில்தானே! இதிலே அறமென்ன, ஆராய்ச்சியென்ன?" என்று கேட்டுவிட்டு அப்பால் நகர்ந்துவிடுவோர் உண்டு. நகரட்டும். நாம் சற்று நின்று பார்ப்போம். சிறுதேர் உருட்டிய பிள்ளை வளர்ந்து ஆளாகி, பகலெல்லாம் பணிமனையில் உழைத்துத் திரும்பி, உண்டு முடித்து, உருப்பெருக்குக் கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு, பித்தளைத் துண்டொன்றை அரத்தால் அராவி, எஞ்சினுக்கு ஒரு கைப்பிடி செய்ய மூன்று இரவுகளைச் செலவிடுகிறானே, அவன் ஆடுவது வெறும் விளையாட்டா? ஓர் ஊரையே ஆக்குகிறான் அவன். மலையும் அவன் கைவேலை, மரமும் அவன் கைவேலை; மழைக்குக் குடை விரித்து நிலையத்தில் நிற்கும் மாதும் அவன் கைவேலை. ஊரை ஆக்குபவன் எதை வைத்தான், எதை விட்டான் என்று கேட்க நமக்கு உரிமை உண்டல்லவா? அதைத்தான் கேட்கிறோம்.

இந்தக் கலை நெடுங்காலமாகச் செழித்திருக்கும் நாடு இங்கிலாந்து. அங்குப் பெரிதும் வழங்கும் கணக்கு, உலகில் ஓர் அடி என்றால் மாதிரியில் 4 மில்லிமீட்டர். ஐந்தேமுக்கால் அடி மனிதன் 23 மில்லிமீட்டர் உயரத்துக்குச் சுருங்கி நிற்பான். மணிக்கு 60 மைல் பறக்கும் விரைவு வண்டி, அக்கணக்குப்படி ஓடினால், தவழும் குழந்தையின் வேகத்தில்தான் ஊரும். ஒரு மைல் நிலம் 21 மீட்டராகும். வீட்டு அறையில் 21 மீட்டருக்கு எங்கே போவது? ஆகவே கத்தரியை எடுத்தாக வேண்டும். இரண்டு ஊர்களுக்கு இடையே கிடக்கும் வெறும் வயலை நீக்குவார்கள், வளைவை இறுக்குவார்கள், பத்துப் பெட்டி வண்டியை ஐந்து பெட்டியாக்குவார்கள். இதில் குற்றமில்லை, வேறு வழியுமில்லை. ஆனால் ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும்: எவ்வளவு நுணுக்கமான மாதிரியும் முதலில் கத்தரிக்கப்பட்ட உலகமே. கத்தரி யார் கையில் இருக்கிறதோ அவர் விருப்பமும் அதிலே இருக்கிறது.

நுணுக்கம் என்றோம். அதன் எல்லையைக் காட்டும் சுவையான வழக்கு ஒன்று உண்டு. இங்கிலாந்தின் மெய்யான தண்டவாளத்தின் இடைவெளி 4 அடி 8½ அங்குலம். மேற்சொன்ன கணக்குப்படி மாதிரியில் அது 18.83 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கடையில் விற்றதோ 16.5 மில்லிமீட்டர்! அந்நாட்டு வண்டிகள் குறுகிய உடல் கொண்டவை. அக்காலத்து மின்பொறி அதற்குள் அடங்கவில்லை. உடலைச் சற்றுப் பெருக்கிவிட்டு, சிறிய அளவுக்கான பாதையை அப்படியே விட்டுவிட்டனர். 2.33 மில்லிமீட்டர்ப் பிழை. நெல்மணியின் பருமனை ஒத்த பிழை! இதைக் கண்டு உறக்கம் இழந்தோர் பலர். 1960களில் சிலர், 18.83தான் வேண்டும், ஒரு மயிரிழையும் விட்டுத்தர மாட்டோம் என்று சக்கரத்தையும் பாதையையும் தம் கையாலேயே செய்யத் தொடங்கினர். இவர்களைக் கண்டு நாம் நகைக்கவில்லை. "எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், ஆகவே சரி" என்று இருந்துவிடாமல், அளந்து பார்த்து, தவறு என்று கண்டதைத் தவறு என்று சொன்னார்களே, அந்தக் குணம் நமக்கும் வேண்டிய குணம்.

ஆயினும் கேட்கிறோம்: இரண்டேகால் மில்லிமீட்டர்ப் பிழையைப் பொறாத கண், அந்தப் பாதையருகே வாழ்ந்த மனிதனின் வாழ்வில் எதைக் கண்டது, எதைக் காணாமல் விட்டது?

இக்கலைஞரிடம் மற்றொரு வழக்கமும் உண்டு. புத்தம் புதிய எஞ்சினைச் செய்து முடித்ததும் அதன்மேல் கரியும் துருவும் தீட்டுவார்கள். பளபளப்பு பொய், அழுக்கே மெய் என்பது அவர்கள் கொள்கை. நல்ல கொள்கைதான். புகைபோக்கியின் விளிம்பில் கரி எப்படிப் படியும், நீர் ஒழுகிய இடத்தில் சுண்ணாம்புக் கறை எப்படி வெளுக்கும் என்றெல்லாம் ஒளிப்படங்களை வைத்துக்கொண்டு ஆராய்வார்கள். அந்த எஞ்சினைத் துடைக்கச் சிறுவனாக வேலைக்குச் சேர்ந்து, பின்னர்க் கரி அள்ளிப் போடுபவனாகி, டன் கணக்கில் நிலக்கரியை வாரி நெருப்பில் கொட்டி, பல ஆண்டுகள் கழித்து ஓட்டுநரானானே, அவன் மீதும் அதே கரிதான் படிந்தது. எஞ்சினின் கரி அழகாயிற்று. அவன் கரி?

இனி ஒரு மனிதரின் கதைக்கு வருவோம். பெயர் ராய் இங்கிலாந்து. பெயரிலேயே இங்கிலாந்து இருந்தாலும் பிறந்தது ஆஸ்திரேலியாவில், 1906ஆம் ஆண்டு. 1925இல் படிப்பதற்காக இங்கிலாந்து வந்தார். ரயில் மீது பித்துக் கொண்டவர். வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு என்றொரு நிலப்பகுதி. மலைச்சரிவில் வெண்சுண்ணத்தால் மிகப் பழங்காலத்தவர் வரைந்த குதிரை அதற்குப் பெயர் தந்தது. லண்டனிலிருந்து மேற்கே செல்லும் பெரும்பாதை அதன் ஊடே ஓடுகிறது. ரயிலைப் பார்க்கப் போனவர் ஊர்களைப் பார்த்தார். வைக்கோல் வேய்ந்த குடில்கள், குனிந்து நுழையும் வாயில்கள், சாளரத்தின்கீழ் பூச்செடிகள். எழில் கண்டு உருகினார். அந்தக் கூரைகள் ஒவ்வொன்றாக அகற்றப்பட்டு மலிவான புதுக் கூரைகள் ஏறுவதையும் கண்டார். நெஞ்சு பொறுக்கவில்லை. இவை அழிந்தாலும் அடையாளம் அழியக்கூடாது என்று ஒவ்வொரு வீட்டையும் அளந்து, குறித்து, அடிக்கு 4 மில்லிமீட்டராகச் செய்யலானார். 1954இல் லாங் விட்டன்ஹாம் என்னும் ஊரில் பெண்டன் அருங்காட்சியகம் தோன்றியது அவ்வாறுதான். 1995இல் அவர் மறைந்தார். தொண்டர்கள் பணியைத் தொடர்ந்தனர். ஒரு வீட்டை முடிக்க மாதங்கள் ஆகும், ஆண்டுகளும் ஆகும். சாமந்திப் பூ அளவுள்ள தோட்டத்தில் செடி செடியாக நட்டிருப்பார்கள்!

வணக்கத்துக்குரிய உழைப்பு. ஐயமில்லை. ஆனால் அந்தக் கூரை மாற்றத்தை இருவர் பார்த்தனர். ஒருவர் தெருவில் நின்று பார்த்தார். அவருக்கு அது அழிவு. மற்றவர் உள்ளேயிருந்து பார்த்தார். கூரை ஒழுகும்போதெல்லாம் பாத்திரம் எடுத்து வைத்தவருக்கு அது என்னவாக இருந்திருக்கும்? எழில் எழில் என்று நாம் பாடும் சிற்றூர்களில், 1930களின் தொடக்கத்தில், உழவுத் தொழிலாளியின் வாரக் கூலி பல மாவட்டங்களில் 30 ஷில்லிங்கை ஒட்டியே இருந்தது. பிற தொழிலாளர் பெரும்பாலோர்க்கு 1920இலேயே கிடைத்த வேலையில்லாக் காலக் காப்பீடு, ஏர் பிடித்தவனுக்கு 1936 வரை கிட்டவில்லை. அவன் குடியிருந்த வீடோ பண்ணைக்காரருடையது. வேலை போனால் வீடும் போகும்! பண்ணை வீட்டில் குடியிருந்த தொழிலாளிக்குச் சட்டம் உறுதியான பாதுகாப்பு தந்தது 1976இல். சாளரத்தின்கீழ் பூச்செடி மலர்ந்தது மெய், சாளரத்துக்குள் இருந்தவன் "நாளை இவ்வீடு நமதா?" என்று அஞ்சியதும் மெய். முதல் மெய்யை 4 மில்லிமீட்டர்க் கணக்கில் எடுத்துக்காட்டலாம். இரண்டாவது மெய்க்கு எந்த அளவுகோல்?

எதிர்வாதம் எழும். "ஐயா, உழைத்துக் களைத்தவன் தன் அறையில் ஓர் அமைதியான ஊரை ஆக்கி மகிழ்கிறான். அங்கும் வந்து வறுமையைக் காட்டு என்று துரத்துகிறீரே, நியாயமா?" நியாயமான கேள்வி. தன் அறையில், தன் மகிழ்வுக்காக ஆக்குபவனை நாம் துரத்தவில்லை. அவன் கனவு, அவன் உரிமை. ஆனால் கதவைத் திறந்து, பிறரை அழைத்து, "இப்படித்தான் இருந்தது அந்தக் காலம்" என்று சொல்லும் கணத்தில் அவன் சாட்சிக் கூண்டில் ஏறிவிடுகிறான். கண்டதில் இனியதை மட்டும் சொல்லும் சாட்சியை, சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மையேயானாலும், நாம் நம்பலாமா? நுணுக்கம் கூடக் கூட நம்பிக்கையும் கூடுகிறது என்பதால் பொறுப்பும் கூடுகிறது. கிறுக்கிய படத்தை யாரும் வரலாறு என்று கொள்வதில்லை. பூட்டின் துளை வரை செய்து காட்டினால் கொள்வார்கள்.

ராய் அவர்களுக்கு நாம் அநீதி செய்துவிடக் கூடாது. அவர் அளந்து வைத்ததனாலேயே, அந்த வாயிலின் தாழ்வும் சாளரத்தின் சிறுமையும் இன்று நம் கண்முன் இருக்கின்றன. அறை எவ்வளவு இருண்டிருக்கும், எத்தனை பேர் அதில் நெருங்கிக் கிடந்திருப்பர் என்று கணக்கிட விரும்புவோர்க்கு அவர் தந்த அளவே சான்று. எழிலுக்காகச் செய்தது வாழ்வுக்கும் சான்றாகிறது. பார்ப்பவன் கேள்வியோடு போனால்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், பழைய பண்டகசாலைக் கட்டடத்தில், ஃபிரடெரிக், கெரிட் பிரௌன் என்ற இரட்டைச் சகோதரர்கள் 2001இல் தொடங்கிய பெருங்காட்சி வேறு வகை. 87இல் ஒரு பங்கு அளவு. கிலோமீட்டர் கணக்கில் பாதை. கால் மணிக்கொரு முறை பகல் மாய்ந்து இரவு வரும். வேடிக்கைக்குக் குறைவில்லை. ஆயினும் 2009இல் அவர்கள் பிளவுண்ட பெர்லினைச் செய்து வைத்தனர்: ஒரே இடம், வெவ்வேறு ஆண்டுகள், நடுவே எழும் சுவர். 2017 சனவரியில் தம் அமெரிக்கப் பகுதியைச் சுற்றிச் சுவரெழுப்பி முள்வேலி கட்டினர். எதிர்ப்பைத் தெரிவிக்கும் முறை அது! 2021இல் திறந்த ரியோ நகரப் பகுதியில் கடற்கரையும் களியாட்டமும் மட்டுமல்ல, மலைச்சரிவில் அடுக்கடுக்காகத் தொற்றி நிற்கும் ஏழையர் குடியிருப்பும் இடம்பெற்றது. விடாமல் வைத்தார்கள் என்பதற்காகப் பாராட்டுகிறோம். ஆனால் இரவு வரும்போது அக்குடில்களின் விளக்குகள் மின்மினியாய் மினுக்க, பார்ப்போர் "ஆகா!" என்கிறார்களே, அந்த ஆகாவில் நமக்குச் சற்று அச்சம் உண்டு. மறைத்தால் பொய், காட்டினால் காட்சிப்பொருள். இரண்டுக்கும் நடுவே ஒற்றையடிப் பாதைதான் இருக்கிறது.

அப்பாதையில் நடப்பது கடினமே தவிர முடியாததன்று. 23 மில்லிமீட்டர் மனிதன் முகத்தில் பசியைத் தீட்ட முடியாது; தீட்ட வேண்டியதுமில்லை. வைக்கோல் கூரை, பூந்தோட்டம், கைகாட்டி மரம், நிலையம் எல்லாம் இருக்கட்டும். ஊர்க்கோடிக் குடில் ஒன்றன் முன் ஒரு கட்டை வண்டி நிற்கட்டும். அதில் ஒரு மேசை, சுருட்டிய படுக்கை, ஒரு வாளி, மேலே இரண்டு குழந்தைகள். வாசலில் ஒரு பெண், கையில் சாவி. மேலைத்திசை விரைவு வண்டி, அளவு தவறாத பாதையில், அவளைக் கடந்து போகட்டும்.