தாங்குவதா, தீர்ப்பதா?

நோயைப் பொறுமையுடன் தாங்குவது உயர்ந்ததா, அதைத் தீர்த்துக்கொள்ள முயல்வது உயர்ந்ததா? சத்சங்கங்களில் பலமுறை எழும் வினா இது. என் சொந்த இடுப்பு மூட்டே அந்த வினாவை எழுப்பியபோதுதான், என்னிடமிருந்த விடைகள் யாவும் பிறருக்காக வைத்திருந்தவை என்பதை உணர்ந்தேன்.

இங்கிலாந்தின் வடமேற்கில், லங்காஷயர் பகுதியில் 28 ஆண்டுகளாக வசித்து வருகிறேன். அறுபதாவது வயதில் இடது தொடையிடுக்கில் வலி தொடங்கியது. முதலில் படியேறும்போது வந்தது. பின்னர் நடக்கும்போதும் வந்தது. இரண்டே ஆண்டுகளில் இரவில் புரண்டு படுக்கவும் இயலாமற் போயிற்று. குனிந்து காலுறை அணிய முடியவில்லை. பூஜையறையில் தரையில் அமர முடியவில்லை. குருத்தெலும்பு முற்றிலும் தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசுகிறது என்றார் மருத்துவர்.

செயற்கை மூட்டு பொருத்தலாம் என்று கூறிய அவர், அதன் நன்மைகளையும், கிருமித்தொற்று, இரத்தம் உறைதல், மூட்டு நழுவுதல் முதலிய அபாயங்களையும் பொறுமையாக விளக்கினார். "செய்துகொள்வதா, வேண்டாமா என்பதை நீங்களே தீர்மானிக்க வேண்டும்" என்று முடித்தார். மருத்துவர் சொல்வார், நாம் கேட்போம் என்ற வழக்கத்தில் வளர்ந்த எனக்கு, வலியைவிட இந்தச் சுதந்திரமே பெரும் சுமையாகத் தோன்றியது.

முடிவைத் தள்ளிப்போட்டேன். அதற்கு அழகிய பெயர்களும் கிடைத்தன. 'இது பிராரப்தம், அனுபவித்தே தீர வேண்டும்', 'உடல் நானல்ல', 'இதுவே திதிக்ஷை' என்றெல்லாம் எனக்கு நானே கூறிக்கொண்டேன்.

ஒருநாள் மாலை, என் மனைவி கும்பகோணத்திலுள்ள தன் தம்பியுடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. படுக்கையிலிருந்த எண்பத்தாறு வயதுத் தாயார், மகள் எப்போது வருவாள் என்று தினமும் கேட்கிறாராம். "அவருக்குக் கொஞ்சம் சரியாகட்டும், தம்பி. காலையில் காலுறை போட்டுவிடக்கூட ஆள் வேண்டியிருக்கிறது. எப்படி விட்டுவிட்டு வருவேன்?" என்றாள் அவள். இரண்டு ஆண்டுகளாக அவள் ஊருக்குச் செல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் தாங்கிக்கொண்டிருந்ததாக எண்ணிய துன்பத்தில் பெரும்பகுதியை அவள் தாங்கிக்கொண்டிருந்தாள்.

அன்றிரவு என்னையே விசாரித்துப் பார்த்தேன். விவேகசூடாமணி திதிக்ஷைக்குக் கூறும் இலக்கணத்தில் மூன்று அம்சங்கள் உள்ளன: துன்பத்திற்குப் பரிகாரம் தேடாமை, கவலையின்மை, புலம்பாமை. இவற்றில் நான் கடைப்பிடித்தது முதலாவதை மட்டுமே. கவலையும் புலம்பலும் நாள்தோறும் வளர்ந்துகொண்டிருந்தன. மனம் அமைதியுறாமல் பரிகாரத்தை மட்டும் மறுப்பது திதிக்ஷை ஆகாது. என் விஷயத்தில் அது அச்சம்தான். வேதாந்தத்தின் மொழியைக் கற்றுக்கொண்ட அச்சம்.

அச்சம் எதைக் குறித்தது? கத்தியைக் குறித்து ஓரளவு உண்மை. ஆனால் அதைவிட, அந்நிய நாட்டில் முன்பின் அறியாதவர்கள் என்னைத் தூக்கி அமர்த்தி, குளிப்பாட்டி விடுவார்களே என்ற கூச்சமே பெரிது. ஊருக்குச் சென்று செய்துகொள்ளலாமா என்றும் ஆலோசித்தோம். சிகிச்சைக்குப் பின் ஏறத்தாழ மூன்று மாதங்கள் நீண்ட விமானப் பயணத்தைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். பின்னாளில் மூட்டுக்கு ஏதேனும் நேர்ந்தால் பார்க்க வேண்டியவர்களும் இங்குள்ள மருத்துவர்களே. ஆகவே இங்கேயே செய்துகொள்வது என்று முடிவாயிற்று. உதவி செய்வதிலேயே பெருமை கண்டு பழகியவனுக்கு, உதவி பெறுவதும் ஒரு சாதனையாகவே அமைந்தது.

இந்தச் சிகிச்சையின் வரலாற்றை அப்போது படித்தேன். நான் வசிக்கும் இதே பகுதியிலுள்ள ரைட்டிங்டன் மருத்துவமனையில்தான் ஜான் சார்ன்லி என்ற அறுவை சிகிச்சை நிபுணர் தற்கால இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சையை உருவாக்கினார். அவர் முதலில் பயன்படுத்திய டெஃப்லான் கிண்ணங்கள் சில ஆண்டுகளிலேயே தேய்ந்துபோயின. அவர் தம் தோல்வியை மறைக்கவில்லை. அப்பொருள் உடலில் என்ன விளைவை உண்டாக்குகிறது என்றறியத் தம் சொந்தத் தொடையிலேயே அதைச் செலுத்திச் சோதித்தார். 1962இல் பாலிஎதிலீன் கிண்ணத்துடன் வெற்றி கண்டார். 25 ஆண்டுகள் கடந்தும் நூற்றுக்கு ஏறத்தாழ 58 மூட்டுகள் நிலைத்திருக்கின்றன என்று 2019இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. என் வலி பிராரப்தம் என்றால், ஒருவர் தம் உடலை வருத்திக் கண்ட பரிகாரம் என் வீட்டருகே காத்திருந்ததும் பிராரப்தமன்றோ? ஒன்றை ஏற்று மற்றொன்றை மறுக்க எனக்கு என்ன உரிமை?

எல்லோரும் அறுவை சிகிச்சை செய்துகொள்ள வேண்டும் என்பது இதன் பொருளன்று. இதயமோ நுரையீரலோ இடம் தராதவர்கள் உண்டு, வசதியில்லாதவர்கள் உண்டு. நீக்க முடியாத வலியை முணுமுணுப்பின்றி ஏற்பவர்களின் தவத்தின் முன் தலைவணங்குகிறேன். நீக்கக்கூடிய துன்பத்தைத் தவம் என்று அழைக்குமுன், அதை உண்மையில் யார் சுமக்கிறார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். அவ்வளவே என் வேண்டுகோள்.

ஒன்பது மாதக் காத்திருப்புக்குப் பின் சிகிச்சை நடந்தது. முயற்சி நம்முடையது, பலன் இறைவனுடையது என்பதை மயக்க மருந்து ஏறும் அந்தச் சில விநாடிகளில் வாதமின்றி ஏற்க முடிந்தது. மறுநாளே நடக்க வைத்தார்கள். தரையில் சம்மணமிட்டு அமர வேண்டாம் என்று கூறிவிட்டார்கள். நாற்பது ஆண்டுப் பழக்கத்தை விடுவது எளிதாக இல்லை. இப்போது நாற்காலியில் அமர்ந்தே ஜபம் செய்கிறேன்.

ஐந்தாம் மாதம் என் மனைவி கும்பகோணம் புறப்பட்டாள். விமான நிலையத்தில் அவளுடைய பெட்டியை நான் தள்ளிச் சென்றேன். அன்று காலை காலுறைகளை நானே அணிந்துகொண்டிருந்தேன்.