ஒரே கயிறு



பரிசளிப்போடு போட்டி முடிந்துவிடுகிறதா? வென்றவனும் தோற்றவனும் மறுநாள் எப்படிப் பழகுகிறார்கள் என்பதையன்றோ கவனிக்கவேண்டும்!

1954-ம் ஆண்டில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், முசாபர் ஷெரீப் என்னும் மனோதத்துவ அறிஞரும் அவருடைய துணைவர்களும் 22 சிறுவர்களைக் கோடைக்கால முகாம் ஒன்றில் இரு குழுக்களாகப் பிரித்தனர். பேஸ்பால், கயிறிழுத்தல் முதலிய போட்டிகளை நடத்தி, வெல்லும் குழுவுக்கு மாத்திரம் பதக்கமும் பேனாக்கத்தியும் என்றனர். உடனே ஏச்சும் பேச்சும் பிறந்தன. முடிவில், தோற்றவர்கள் வென்றவர்களின் விடுதிக்குள் புகுந்து பரிசுகளை எடுத்துச் சென்றனர்!

பிள்ளைகள் கெட்டவர்களா? அல்ல, சாதாரணக் குடும்பத்துச் சிறுவர்களே. அவர்களை மோதவிட்ட ஏற்பாடு பெரியவர்களுடையது.

பகை தணிய ஒரே பந்தியில் உட்காரவைத்தார்கள். உணவை ஒருவர்மேல் ஒருவர் வாரி எறிந்ததே மிச்சம்.

பின்னர் ஒருநாள், உணவு வாங்கப் போகவேண்டிய லாரி கிளம்பாதபடி செய்தனர். எல்லோருக்கும் பசி. சிறுவர்கள் தாங்கள் போட்டியில் இழுத்த அதே கயிற்றை லாரியில் கட்டி, இரு குழுவும் சேர்ந்து இழுத்தனர். இவ்விதப் பொதுவேலைகள் சில நடந்தபின் பகை படிப்படியாய்க் குறைந்தது. ஊர் திரும்பும் வழியில், ஒரு குழுவினர் தாங்கள் முன்பு வென்றிருந்த 5 டாலரில் இரு குழுவுக்குமே பானம் வாங்கிக் கொடுத்தனர்.

பெற்றோரே, “கைகுலுக்குங்கள்” என்று பிள்ளைகளுக்குச் சொல்வது மாத்திரம் போதாது. வென்றவனையும் தோற்றவனையும் ஒரே பாரத்தைத் தூக்க விடுங்கள். கயிற்றின்மேல் குற்றமில்லை, அதன் மறுமுனையில் எதைக் கட்டுகிறோம் என்பதே காரியம்.