முள்ளைப் பார்க்கவே பயமா?

"வண்டி பழசாயிடுச்சு. இனி அவ்வளவுதான்."

யார் சொன்னது? மெக்கானிக்கா? பக்கத்து வீட்டுக்காரரா? இல்லை, நீயே உனக்குச் சொல்லிக்கொண்டாயா?

சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தாயா? பார்க்கவில்லை! பிறகு எந்தத் தைரியத்தில் தீர்ப்புச் சொல்கிறாய்?

அப்பா வேலையில் இருந்த காலத்தில் வாங்கிய மாருதி 800. 1983-இல் சாலைக்கு வந்த மாடல். 2014-இல் கம்பெனியே தயாரிப்பை நிறுத்திவிட்டது. லட்சம் கிலோமீட்டர் தாண்டி ஓடிவிட்டது. இப்போது பிக்கப் இல்லை. காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது. நீலப் புகை தள்ளுகிறது.

நீ என்ன செய்தாய்? கவர் போட்டு மூடினாய்! காயலான் கடையில் விலை விசாரித்தாய்!

நெய்வேலியில் இருந்துகொண்டா இப்படிச் செய்கிறாய்? உன் காலுக்குக் கீழே இருக்கிற மண்ணின் கதை தெரியுமா உனக்கு?

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்குத் துளை போட்டார். தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. மூடிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை! அது என்னவென்று தெரிந்தே ஆகவேண்டும் என்று நின்றார்.

பழுப்பு நிலக்கரி என்று தெரிந்த பிறகும் பயம் விடவில்லை. படுகைக்கு அடியில் பெரும் நிலத்தடி நீர்! சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேல்நோக்கி முட்டிக்கொண்டிருந்தது. மேல்மண்ணை அள்ளினால் சுரங்கத் தரையைப் பிளந்துகொண்டு வெள்ளம் பொங்கிவிடும்.

"நமக்கெதுக்கு வம்பு" என்று சுரங்கம் வெட்ட வந்தவர்கள் எழுந்து போனார்களா?

அழுத்தத்தை அளந்தார்கள். ஆழ்துளைக் கிணறுகள் போட்டார்கள். ராப்பகலாக இறைத்தார்கள். 1957 மே மாதம் நேரு தொடங்கிவைத்த தோண்டல், 1961 ஆகஸ்டில் நிலக்கரியைத் தொட்டது. இன்றைக்கும் அந்தத் தண்ணீரை இறைத்துக்கொண்டேதான் வெட்டுகிறார்கள்!

பூமிக்கடியில் இருந்த அழுத்தத்தையே அளந்த ஊர் இது. நீ மூன்று சிலிண்டரை அளக்கப் பயப்படுகிறாய்!

எழுந்திரு. பேட்டரியில் முழு சார்ஜ் இருக்கட்டும். இன்ஜினைச் சூடாக்கி நிறுத்து. மூன்று பிளக்கையும் கழற்று. ஒன்றை மட்டும் கழற்றிவிட்டு அவசரப்படாதே. இன்ஜின் இழுத்து இழுத்துச் சுற்றும், கணக்குத் தப்பும்.

காயில் இணைப்பை எடுத்துவிடு. பொறி பறக்கக் கூடாது. பிளக் ஓட்டையில் கேஜைத் திருகு. ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்துப் பிடிக்க ஒருவரை உட்காரவை. செல்ஃப் அடி. முள் துள்ளித் துள்ளி ஏறும். ஐந்தாறு துள்ளலில் நின்றுவிடும்.

எண்ணை எழுது. அடுத்த சிலிண்டருக்குப் போ.

மூன்றும் 150 பவுண்டுக்கு மேலா? வண்டி சாகவே இல்லை! பிளக், கார்புரேட்டர், ஏர் ஃபில்டர் என்று வேறு இடத்தில் தேடு.

ஒன்று மட்டும் 90-இல் நின்றுவிட்டதா? நிற்கட்டும்! முக்கால்வாசிப் பேர் இங்கேதான் ஓடிவிடுகிறார்கள். நீ ஓடாதே. ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயிலை அந்தச் சிலிண்டருக்குள் விடு. மறுபடி செல்ஃப் அடி.

முள் ஏறியதா? ரிங் தேய்ந்திருக்கிறது. தேய்ந்த இடைவெளியை ஆயில் அடைத்ததால்தான் ஏறியது.

ஏறவில்லையா? வால்வைச் சந்தேகப்படு. டேப்பட் இறுகிக் கிடந்தாலும் வால்வு முழுசாக மூடாது. அதை முதலில் பார், காசு மிச்சம். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்தே விழுந்ததா? இரண்டுக்கும் நடுவே ஹெட் கேஸ்கட் போயிருக்கும்.

இப்போது சொல். "வண்டி பழசு" என்ற பேச்சு எங்கே போயிற்று?

கேஜ் போடாமலே "இன்ஜினை இறக்கணும்" என்று ஒருவர் சொன்னால் கைகட்டி நிற்காதே. "எத்தனை பவுண்டு காட்டுதுண்ணே?" என்று கேள். கேட்க உனக்கு முழு உரிமை உண்டு!

உன்னைப் பற்றியும் இப்படித்தானே பேசித் திரிகிறாய்? "எனக்கு இன்டர்வியூ வராது." எது வராது? பதில் தெரியவில்லையா? தெரிந்தும் வாயில் வரவில்லையா? "எனக்குப் படிப்பு ஏறாது." எந்தப் பாடம்? எந்தப் பக்கம்? அளக்காமலே உன்னைக் காயலான் விலைக்குப் பேசுகிறாய். அந்த உரிமையை யார் கொடுத்தார்கள் உனக்கு?

கேஜ் இல்லையா? மந்தாரக்குப்பம் பக்கம் ஒர்க்‌ஷாப்பில் கேள். நேரமில்லையா? ஷிஃப்ட் முடிந்து வந்து டீ குடித்துவிட்டு ஆரம்பி. கை நடுங்குகிறதா? நடுங்குகிற கையோடே பிளக்கைத் திருகு!

எண் குறைவாக வந்தால் வரட்டும். டேப்பட்டைச் சரிசெய். மறுபடி அள.

ஏறவில்லையா? ஹெட்டைக் கழற்று. வால்வைத் தேய்த்து உட்காரவை. மறுபடி அள.

அப்போதும் ஏறவில்லையா? ரிங்கை மாற்று. மறுபடி அள!