கொழுகொம்பும் கடமையும்

நமக்குப் பயன்படாத ஓர் உயிர்பால் நமக்குக் கடமை உண்டோ? அறவியலார் நெடுங்காலமாக எழுப்பிவரும் இவ்வினாவைக் காந்தட் கொடியொன்றை முன்னிறுத்தி ஆராய்தல் பொருத்தமாகும்.

கார்த்திகைப்பூ என நம்மவர் வழங்கும் காந்தள், இலங்கையில் இயல்பாக வளரும் தாவரங்களுள் ஒன்று. 1753 இல் லின்னேயஸ் இதற்குக் 'குளோரியோசா சுப்பேர்பா' எனப் பெயரிட்டார். பல்லாண்டு வாழும் இதன் உயிர், கலப்பைபோல் வளைந்த நிலத்தடிக் கிழங்கில் உறைகின்றது. கோடையில் உறங்கிக் கிடக்கும் அக்கிழங்கு மழை கண்டதும் முளைவிடும். நீர் தேங்கினால் அழுகிவிடும். ஆதலின் நீர் வடியும் மண்ணே இதற்கு உகந்தது. தண்டு மெலிது, தனித்து உயர இயலாது. இலை நுனியே சுருண்டு அருகிலுள்ள செடியைப் பற்றிக்கொள்ளும். அவ்வாறு ஏறிய பின்னரே, மஞ்சளிலிருந்து செம்மைக்கு மாறும் ஆறிதழ்கள் மேனோக்கி வளைந்து சுடர்போல் நிற்கும்.

யாழ்ப்பாணத்து உயிர்வேலிகள் இக்கொடிக்கு இடமளித்தன. வேலி போய் மதில் எழும்போது எவரும் காந்தளை வெறுத்து அழிப்பதில்லை. அதன் பற்றுக்கோட்டை அகற்றுகின்றனர், அவ்வளவே. கருதாது செய்யும் தீங்குக்கும் நாம் பொறுப்பாளிகளா என்னும் சிக்கல் இங்கேதான் எழுகின்றது.

கிழங்கு கொடிய நஞ்சுடையது, ஆதலால் அழிக்க என்பர் சிலர். கீல்வாதத்துக்கு மருந்தாகும் கொல்ச்சிசின் அதிலுண்டு, ஆதலாற் பேணுக என்பர் வேறு சிலர். இரு சாராரும் மனிதனையே அளவுகோலாகக் கொள்கின்றனர். மருந்தினால் மட்டுமே ஒரு செடி வாழ்வுரிமை பெறுமாயின், அம்மருந்து வேறு வழியாற் கிடைக்கும் நாளில் அவ்வுரிமையும் அற்றுப்போகும். அத்தகையதை உரிமை என்பது எங்ஙனம்? சிறுவர் விளையாடும் முற்றத்திலிருந்து அதனை அகற்றுதல் முறையே. ஆனால், நஞ்சு விலகி நடத்தற்குக் காரணமாகுமேயன்றி, எங்கணும் வேரறுத்தற்குக் காரணமாகாது.

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் செயலைக் கொடைமடம் என்றனர். அவன் அம்முல்லையைப் பறித்துச் சூடவில்லை. பயன் யாது எனவும் வினவவில்லை. படரக் கொம்பின்றித் தளர்ந்ததற்குக் கொம்பு அளித்தான். நம்மிடம் எவரும் தேர் கேட்கவில்லை. மதிலோரத்தில் ஒரு பற்றையை வெட்டாது விடுதலே போதுமானது.

ஓர் உயிரைப் பேணுதலாவது அது வாழும் நிலையைப் பேணுதலே. அறியாது செய்த தீங்கு மன்னிக்கப்படலாம். அறிந்த பின்னரும் தொடரும் கவனமின்மை அத்தகையதன்று. மலரைப் பாடிக்கொண்டே அதன் வேலியைப் பிரிப்பவன், தான் தீங்கொன்றும் செய்திலன் எனக் கூறல் இயலாது.