வாமனன் என்னும் திருநாமம்

கொச்சியை அடுத்த காக்கநாட்டில் இன்று கணினி நிறுவனங்களின் கட்டடங்களே கண்ணில் படுகின்றன. அதற்கு அண்மையில்தான் திருக்காக்கரை வாமனமூர்த்தி ஆலயம் உள்ளது. மலைநாட்டின் 13 திவ்ய தேசங்களுள் ஒன்றாக, திருக்காட்கரை என்ற பெயரில் நம்மாழ்வார் பாடிய தலம் இது. இறைவனின் கால் பதிந்த கரை என்று அவ்வூர்ப் பெயருக்கு விளக்கம் கூறுவர்.

சிங்ஙம் மாதத்தில் அத்தம் முதல் திருவோணம் வரை இங்கு உற்சவம். மகாபலியை வரவேற்கும் திருநாளே வாமனருக்கும் உரிய திருநாள். 'தானம் கேட்டு வந்து வஞ்சித்தவரை எவ்வாறு வழிபடுவது?' என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 'எல்லாம் லீலை' என்று கூறி அதைத் தள்ளிவிடுவது முறையன்று. அவருடைய நாமத்தையே சற்று ஆராய்வோம்.

ரிக் வேதம் விஷ்ணுவின் மூன்று அடிகளைப் போற்றுகிறது. குறள் வடிவம் அங்கு இல்லை. சதபத பிராமணத்தில் விஷ்ணு வாமனராக வருகிறார். அவர் படுக்கும் அளவு நிலம் மட்டுமே தேவர்களுக்கு என்று அசுரர்கள் இசைகின்றனர். வேள்வியே விஷ்ணுவாதலால் தேவர்கள் பூமி முழுவதையும் பெறுகின்றனர். பலியின் பெயர் அங்கும் இல்லை. இவையெல்லாம் புராணத்தில் ஒரே வரலாறாக இணைகின்றன.

விஷ்ணு ஸஹஸ்ரநாமத்தில் வாமனன் என்பது 152-ஆவது நாமம். அடுத்த நாமம் 'ப்ராம்சு', அதாவது நெடியவர்! 'வாமன' என்பதற்கு ஸ்ரீசங்கரர் இரு பொருள் கூறுகிறார்: பலியிடம் குறள் வடிவில் யாசித்தவர், வழிபடத்தக்கவர். இரண்டாவது பொருளுக்குக் கட உபநிஷதமே சான்று. பிராணனை மேலும் அபானனைக் கீழும் செலுத்தியபடி உடலின் நடுவே வீற்றிருக்கும் வாமனனைத் தேவர்கள் அனைவரும் வழிபடுகின்றனர் என்கிறது அது. அத்தேவர்கள் யார்? கண் முதலிய புலன்களே என்பது சங்கரரின் உரை. குடிகள் அரசனுக்குத் திறை செலுத்துவதுபோல, புலன்கள் தாம் பெற்ற அறிவை அவனிடம் சமர்ப்பிக்கின்றன. அத்திறைக்கு அவர் ஆளும் சொல் 'பலி'! அசுர மன்னனை அவர் அங்குக் குறிப்பிடவில்லைதான். எனினும் பலி என்ற சொல்லுக்குக் காணிக்கை என்பது பொருள் என்பதை இங்கு மறக்க இயலாது.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். வந்திருப்பவர் யார், அவர் என்ன செய்யப்போகிறார் என்பதைச் சுக்கிராசாரியார் முன்னரே பலியிடம் கூறிவிடுகிறார். கொடுக்காதே என்றும் தடுக்கிறார். அனைத்தும் அறிந்த பிறகே பலி நீர் வார்த்துத் தானம் செய்கிறான். வஞ்சனை என்று கூக்குரலிட்டு ஆயுதம் ஏந்தியவர்கள் அவனுடைய படையினரே. அவர்களைத் தடுத்தவன் பலி. இரண்டு அடிகளில் உலகங்கள் போயின. அவை அவனுடைய உடைமைகள். மூன்றாம் அடிக்குத் தலையைக் காட்டியபோதுதான், கொடுப்பவன் தானே காணிக்கையானான். அவனுக்குச் சுதலத்தை அளித்த பகவான், அங்கே அவனது வாயிற்காவலராக நின்றார் என்கிறது பாகவதம். கட்டுண்டவர் யார் என்று சொல்வது கடினம்!

திருக்காட்கரையைப் பாடும் நம்மாழ்வாரும் இவ்வாறே முறையிடுகிறார். தம்மை ஆட்கொள்பவன்போல் வந்து, வஞ்சித்து உள்ளே புகுந்து, உயிரையே உண்டுவிட்டான் என்பது அவர் குறை. ஆனால், பறிகொடுத்ததைத் திருப்பித் தருமாறு அவர் கேட்கவில்லை.