எழுதியவனே விற்பவன்

புத்தகத்தை எழுதியவனே விற்கலாமா என்ற கேள்வி தமிழில் பெரும்பாலும் கௌரவம் பற்றிய கேள்வியாகவே எழுப்பப்பட்டிருக்கிறது. பையைத் தூக்கிக்கொண்டு படியேறுவது எழுத்தாளனுக்கு இழுக்கு என்பது ஒரு கட்சி. அதுவே தியாகம் என்பது மறு கட்சி. இரண்டுமே விற்பவனைத்தான் பார்க்கின்றன. வாங்குகிறவன் பக்கம் நின்று பார்த்தால் கேள்வி வேறாகிவிடுகிறது: எழுதியவன் நேரில் வந்து நிற்கும்போது, வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம் வாசகனுக்கு மிஞ்சுகிறதா?

சி.சு. செல்லப்பாவை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. 1959 ஜனவரியில் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி 1970 வரை நடத்தியவர். கூடவே எழுத்து பிரசுரம் என்ற பெயரில் புத்தகங்களும் போட்டவர். மூட்டையைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். 85 வயதை ஒட்டி, 1997இல், 'சுதந்திர தாகம்' நாவலை மூன்று பாகங்களாகத் தாமே வெளியிட்டார். மறு வருஷம் டிசம்பரில் காலமானார். அந்த நாவலுக்கு சாகித்ய அகாதமி பரிசு 2001இல் வந்தது.

இந்தக் கதை நம் சிறுபத்திரிகை உலகின் ஸ்தல புராணமாகிவிட்டது. புராணங்களுக்குள்ள கெடுதல் இதற்கும் உண்டு. மனைவியின் நகைகளை விற்று 'எழுத்து' நடத்தினார் என்கிறோம். அந்த வாக்கியத்தில் நகைக்கு உரியவர் ஒரு வேற்றுமை உருபோடு வந்து மறைந்துவிடுகிறார். நகைக்கடன் படிவங்களோடு பழகியவன் நான். நோக்கம் என்ற இடத்தில் விவசாயம், வைத்தியம், படிப்பு என்று எழுதுவார்கள். கவிதை என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. ஆனால் தராசில் கிடக்கிற சங்கிலியைப் பார்த்தால், கையெழுத்துப் போடுபவர் ஒருவர், கழுத்து வேறொருவருடையது என்பது பல சமயம் தெரிந்துவிடும். சொந்தப் பிரசுரத்தில் 'சொந்தம்' எது என்பதை முதலில் அங்கேதான் கேட்க வேண்டும். தன் சம்பளத்தைத் தொலைப்பவனின் தியாகமும் வீட்டின் சேமிப்பைத் தொலைப்பவனின் தியாகமும் ஒரே சொல்லால் குறிக்கத் தக்கவை அல்ல.

சரி, வாங்குகிறவனுக்கு வருவோம். எங்கள் நல்லம்பள்ளியில் செவ்வாய்க்கிழமை சந்தை. ஆடு வாங்க வருகிறவன் பல்லைப் பார்க்கிறான், முதுகில் கைவைத்து அழுத்திப் பார்க்கிறான், பிடிக்காவிட்டால் அடுத்த ஆட்டுக்கு நகர்ந்துவிடுகிறான். ஆட்டை வேண்டாமென்பது ஆட்டுக்காரனை வேண்டாமென்பது ஆகாது. புத்தகத்தில் இந்த விலகல் கிடையாது. எழுதியவன் எதிரில் நின்றுகொண்டிருக்க, நாலு பக்கம் புரட்டி மூடி வைப்பது அவனையே மூடி வைப்பது போலாகிறது. ஆகவே முகதாட்சண்யத்துக்காக வாங்குகிறோம். இது வியாபாரமில்லை, நன்கொடை. ரசீதுக்குப் பதிலாகப் புத்தகம். வாங்கியவர் எத்தனை பேர் என்ற கணக்கு எழுத்தாளனிடம் இருக்கும். படித்தவர் எத்தனை பேர் என்பது பற்றி அந்தக் கணக்கு ஒன்றும் சொல்லாது.

இனாமாகக் கொடுத்துவிட்டால் என்ன? 1907இல் வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் பாரதியின் மூன்று பாட்டுகளை 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார். அவை வாய்விட்டுப் பாடுவதற்கான பாட்டுகள். தேசம் பாடக் காத்திருந்தது. கொடுத்தவர் எழுதியவரும் அல்ல. தன் கவிதைத் தொகுதியை ஒருவன் இனாமாக நீட்டும்போது நடப்பது வேறு. 'படித்துவிட்டுச் சொல்லுங்கள்' என்ற கடன் அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. விலை இந்தக் கடனைத் தீர்த்துவிடுகிறது. காசு கொடுத்தவன் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. பிடிக்கவில்லை என்று சொல்லவும் அவனுக்குப் பாத்தியதை உண்டு. எனவே விலை வைப்பதில் எனக்கு ஆட்சேபணையில்லை. கூச்சத்தைப் பணமாக்குவதில்தான் ஆட்சேபணை.

இன்னொரு கோணலும் உண்டு. வால்ட் விட்மன் 1855இல் 'புல்லின் இதழ்கள்' தொகுதியைச் சொந்தச் செலவில், 795 பிரதிகள் அச்சிட்டார். பிறகு பெயர் போடாமல் தம் புத்தகத்துக்குத் தாமே மதிப்புரைகளும் எழுதினார். எமர்ஸன் அந்தரங்கமாக எழுதிய பாராட்டுக் கடிதத்திலிருந்து ஒரு வரியை எடுத்து, அவரைக் கேட்காமலே, 1856 பதிப்பின் முதுகில் பொன்னெழுத்தில் பொறித்தார். மகாகவிதான், ஆனாலும் இது சந்தையில் தன் ஆளையே வாங்குகிறவன் போல் நிறுத்தி விலை ஏற்றும் வேலை.

செல்லப்பா இங்கேதான் வேறுபடுகிறார். அவருடைய அலசல் முறை பல இடங்களில் கவிதையைப் பிணப் பரிசோதனையாக்கிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். ஆனால் பிச்சமூர்த்தியின் கவிதையை அவர் தம் பெயரில், தம் பத்திரிகையில், காரணங்களோடு ஆதரித்தார். 'காட்டு வாத்து' தொகுதியை 1962இல் தாமே பிரசுரித்தார். அதே வருஷம் 'புதுக்குரல்கள்' தொகுப்பையும் கொண்டுவந்தார். மூட்டையில் தம் எழுத்து மட்டுமில்லை. விமர்சகனும் வியாபாரியும் ஒரே ஆள் என்பது சந்தேகத்துக்குரிய நிலைதான். என்றாலும் அபிப்பிராயத்தின் கீழ் கையெழுத்து இருக்கிறது; வாசகன் அதோடு சண்டை போடலாம். பெயரில்லாத புகழ்ச்சியோடு யார் சண்டை போடுவது?

தரகனை அடியோடு ஒழிக்காமல் அவனை எழுத்தாளர்களுக்கே சொந்தமாக்குவது ஒரு வழி. 1945இல் கோட்டயத்தில் 12 எழுத்தாளர்கள் 120 ரூபாய் மூலதனத்தில் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தது அப்படித்தான். அந்த அளவுக்கு ஒன்று நம்மிடம் வேர்கொள்ளவில்லை. நம் எழுத்தாளர்கள் ஒரு சங்கத்தில் உட்கார்ந்தால் கணக்குப் பார்ப்பதற்கு முன் பிரிந்துவிடுவார்கள் என்று ஒரு நண்பர் சொல்வார்.

இன்று மூட்டை சுமக்க வேண்டாம். ஐம்பது பிரதிகள் மட்டும் அச்சிட்டுக்கொள்ளலாம். 2016 முதல் கிண்டிலில் தமிழ் இருக்கிறது. சுமை போயிற்று, கேட்பது போகவில்லை. வாங்குங்கள் என்பதோடு நாலு வரி எழுதுங்கள், நட்சத்திரம் போடுங்கள் என்றும் கேட்கிறார்கள். விட்மன் தாமே எழுதிக்கொண்டதை இப்போது நண்பர்கள் எழுதித் தருகிறார்கள். கீழே பெயர் இருக்கிறது, அபிப்பிராயம்தான் யாருடையது என்று தெரியவில்லை. முன்பு தாட்சண்யத்துக்குப் பலியானது வாசகனின் சட்டைப்பை. இப்போது அவனுடைய தீர்ப்பு.

வாசகனின் மறுப்பு மெய்யானதாக இருக்க வேண்டுமானால், விற்காத கட்டைத் திரும்ப வாங்கி வைக்க எழுத்தாளன் வீட்டில் இடம் இருக்க வேண்டும். தோரோ தம் முதல் புத்தகத்தை 1849இல் தம் பொறுப்பில் 1,000 பிரதிகள் அச்சிடச் செய்தார். 1853இல் பிரசுரகர்த்தர் 706 பிரதிகளைத் திருப்பி அனுப்பினார். தம் வீட்டு நூலகத்தில் தொள்ளாயிரம் புத்தகங்கள், எழுநூறுக்கு மேல் தாமே எழுதியவை என்று தோரோ நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். அவற்றை முதுகில் சுமந்து மாடிக்குக் கொண்டுபோய் அடுக்கியதும் அவரேதான்.