இன்னும் இரண்டே மிச்சம்

இணையத்தில் சேலை வாங்கப் போனாலும் சரி, ஹோட்டலில் அறை எடுக்கப் போனாலும் சரி, சிவப்பு எழுத்தில் ஒரு வரி நம்மைப் பிடித்து நிறுத்தும்: "இன்னும் இரண்டே மிச்சம்." பக்கத்தில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடும். "இப்போது 17 பேர் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று இன்னொரு வரி. அந்த இரண்டையும் பதினேழையும் எண்ணியது யார்? சில தளங்களில் உண்மையாகவே கணக்கு இருக்கும். பல தளங்களில் யாரும் எண்ணியதில்லை, ஒரு சின்ன நிரல் ஏதோ ஓர் எண்ணை உருட்டிப் போடுகிறது. பக்கத்தை மூடித் திறந்தால் கடிகாரம் மறுபடியும் பத்து நிமிடத்திலிருந்து ஓட ஆரம்பிக்கும்.

இது பொய் என்றால், இந்தப் பொய்யைச் சொன்னவர் யார்? கேட்க எளிதாக இருக்கும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது அத்தனை எளிதாக இல்லை.

கொங்குப் பகுதியில் கைத்தறிச் சேலை விற்கும் நண்பர் ஒருவர், தன் இணையதளத்தில் வியாபாரம் மந்தமாக இருக்கிறதென்று ஓர் ஆலோசகரை அமர்த்தினார். அவர் கொடுத்த பட்டியலில் பத்து யோசனைகள். முதல் ஆறும் நல்ல யோசனைகள். படங்கள் பெரிதாக இருப்பதால் செல்போனில் பக்கம் திறக்க நேரமாகிறது, சுருக்குங்கள். தபால் செலவைக் கடைசியில் காட்டாமல் விலைக்குப் பக்கத்திலேயே சொல்லுங்கள். வெளிர் சாம்பல் எழுத்தைக் கறுப்பாக்குங்கள், வயதானவர்களால் படிக்க முடியாது. சேலையின் நீளம் என்ன, ரவிக்கைத் துணி உண்டா, சாயம் போகுமா என்பதை எழுதுங்கள். திருப்பி அனுப்பும் வழியைத் தெளிவாகப் போடுங்கள். கூப்பிட்டால் எடுக்கிற ஒரு போன் நம்பர் கொடுங்கள்.

கடைசி நான்கும் வேறு ரகம். ஓடும் கடிகாரம். "17 பேர் பார்க்கிறார்கள்" என்ற வரி. வெளியேறப் போகிறவரை மறித்து நிற்கும் ஒரு பெட்டி. அதை மூட வேண்டுமானால் "வேண்டாம், எனக்குப் பணத்தை மிச்சப்படுத்தப் பிடிக்காது" என்ற பொத்தானை அழுத்த வேண்டும். முப்பது ரூபாய் 'பார்சல் பாதுகாப்பு'க்கு முன்கூட்டியே டிக் அடித்து வைத்த ஒரு கட்டம்.

பத்துக்கும் ஒரே தலைப்பு: கன்வர்ஷன். தளத்துக்கு வந்த நூறு பேரில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்ற கணக்கு. எழுத்து தெளிவாக இருந்ததால் வாங்கியவரும், கடிகாரத்தைப் பார்த்துப் பதறி வாங்கியவரும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். உதவுவதற்கும் உந்தித் தள்ளுவதற்கும் நடுவில் இருக்கும் கோட்டை அந்த எண் அழித்துவிடுகிறது. அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் வியாபாரிக்கு, கொஞ்ச நாளில் அப்படி ஒரு கோடு இருந்ததே மறந்துபோகும்.

நண்பரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "ஏனுங்க, எங்கப்பா காலத்துலயே 'கடைசி பீஸ் அம்மிணி, இதுக்கப்புறம் வராது'ன்னு சொல்லித்தானுங்க வித்தோம். அப்பல்லாம் யாரும் தத்துவம் பேசலீங்களே" என்றார்.

நியாயமான கேள்வி. சந்தை இருக்கும் காலத்திலிருந்தே கடைக்காரரின் சாமர்த்தியமும் இருக்கிறது. ஆனால் அந்தப் பழைய கடையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். "கடைசி பீஸ்" என்று சொல்பவர் நம் கண் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அவர் விற்கப் பார்க்கிறார் என்பது நமக்குத் தெரியும். "சரிங்க, நாலு கடை பாத்துட்டு வர்றேன்" என்று எழுந்தால், "உக்காருங்க, உள்ள இன்னொன்னு இருக்குதான்னு பாக்கறேன்" என்பார். இரண்டு பேருக்கும் விதி தெரிந்த ஆட்டம் அது. எல்லாவற்றுக்கும் மேலே, அடுத்த வாரம் அதே அம்மாவை மாரியம்மன் கோவில் வாசலில் பார்க்க வேண்டியிருக்கும் என்ற கூச்சம் ஒன்று அவரைக் கட்டுப்படுத்தியது. சட்டமோ வேதமோ செய்யாத வேலையை அந்தக் கூச்சம் செய்தது.

இணையப் பக்கத்துக்கு அந்தக் கூச்சம் கிடையாது. அங்கே ஒரு பக்கம் மட்டும்தான் கற்றுக்கொண்டே போகிறது. ஏ-பி சோதனை என்று ஒரு முறை உண்டு. வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பக்கத்தின் ஒரு வடிவம், மீதிப் பேருக்கு இன்னொரு வடிவம். எதில் அதிகம் பேர் வாங்குகிறார்களோ அது நிலைக்கும், மற்றது போய்விடும். கூகுள் நிறுவனம் ஒரு கட்டத்தில் 41 நீல நிறச் சாயல்களை இப்படிச் சோதித்துப் பார்த்தது 2009-இல் பெரிய பேச்சாக இருந்தது. ஆயிரக்கணக்கான பேரிடம் கற்ற பாடத்தோடு பக்கம் காத்திருக்கிறது. வாங்குகிறவரோ இரவு பதினொரு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், தனியாக வருகிறார்.

இன்னும் கவலை தரும் விஷயம், இந்தச் சோதனைக்குக் கெட்ட எண்ணமே தேவையில்லை என்பதுதான். நூறு வடிவங்களைப் போட்டு, விற்பதை மட்டும் வைத்துக்கொண்டால், ஏமாற்றும் வடிவமும் அவற்றில் ஒன்றாக மிஞ்சி நிற்கலாம். யாரும் ஏமாற்ற நினைத்திருக்க வேண்டியதில்லை. கடைக்காரரைக் கேட்டால் ஆலோசகர் போட்டார் என்பார். ஆலோசகர், அது பிளக்-இன்னில் வருவது என்பார். பிளக்-இன் எழுதியவர், அது ஒரு வசதி மட்டும்தான், வேண்டாமென்றால் அணைத்துக்கொள்ளலாம் என்பார். பொய் இருக்கிறது, பொய்யர் இல்லை. எண்ணத்தை வைத்துக் குற்றத்தை அளக்கும் நம் வழக்கமான அறம் இங்கே கையைப் பிசைந்து நிற்கிறது.

இந்தத் தந்திரங்களுக்கு 'டார்க் பேட்டர்ன்' என்று 2010-இல் பெயர் வைத்தவர் ஹாரி பிரிக்னல் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர். அமேசானின் பிரைம் சந்தாவை எளிதில் ரத்து செய்ய முடியாதபடி வைத்திருந்தார்கள் என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2023-இல் வழக்குத் தொடுத்தது. ரத்து செய்யும் அந்த நீண்ட வழிக்கு நிறுவனத்துக்குள் 'இலியட்' என்று பெயர் வைத்திருந்தார்கள் என்றது அந்த வழக்கு. முடியாமல் நீளும் டிராய் போரைப் பாடும் ஹோமரின் காவியம்! குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே, 2025-இல் 250 கோடி டாலருக்கு அமேசான் சமரசம் செய்துகொண்டது. இந்தியாவிலும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, 13 வகைத் தந்திரங்களைப் பட்டியலிட்டது. பொய் அவசரம், கேட்காமல் கூடையில் பொருள் சேர்ப்பது, மறுப்பவரைக் கூசவைப்பது எல்லாம் அதில் உண்டு. நண்பரின் ஆலோசகர் சொன்ன கடைசி நான்கும் அந்தப் பட்டியலின் வாசலில்தான் நிற்கின்றன. ஆனால் சட்டம் பதின்மூன்றை எழுதி முடிப்பதற்குள் சோதனை பதினான்காவதைக் கண்டுபிடித்துவிடும்.

பிளேட்டோவின் 'கோர்கியாஸ்' உரையாடலில் சாக்ரடீஸ் ஒரு காட்சியைச் சொல்கிறார். மருத்துவரும் சமையற்காரரும் குழந்தைகள் முன்னால் போட்டியிட்டால் மருத்துவர் பட்டினி கிடக்க வேண்டியதுதான். ஏனென்றால் ஒருவர் நல்லதைப் பார்க்கிறார், இன்னொருவர் பிடித்ததைத் தருகிறார். ஏ-பி சோதனையின் நீதிபதி அந்தக் குழந்தைதான், நம் எல்லோருக்குள்ளும் பதறுகிற குழந்தை. மறுநாள் காலை காபி குடித்துக்கொண்டே "இதை ஏன் வாங்கினோம்?" என்று யோசிக்கும் பெரியவரிடம் யாரும் ஓட்டு கேட்பதில்லை.

அப்படியானால் எது சரி, எது தவறு என்று எதை வைத்துச் சொல்வது? இம்மானுவேல் கான்ட் 1795-இல் எழுதிய 'நிரந்தர அமைதி' கட்டுரையில் அரசியலுக்காக ஓர் உரைகல் வைக்கிறார். வெளியே சொன்னால் தோற்றுப்போகும் என்பதற்காகவே மறைக்க வேண்டியிருக்கும் செயல், பிறருக்கு அநீதி. இதைக் கடைக்கும் கொண்டுவரலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்தில், அது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். "நீங்கள் சீக்கிரம் பார்க்க வேண்டும் என்பதற்காகப் படங்களைச் சுருக்கியிருக்கிறோம்." எழுதிய பிறகும் அது வேலை செய்யும். "இந்தப் பதினேழு எங்கள் நிரல் உருட்டிய எண்; நீங்கள் பதற வேண்டும் என்பதற்காகப் போட்டோம்." எழுதியவுடன் செத்துவிடும். சொன்னால் சாகிற உத்தி எதுவோ அது ஏமாற்று. இதற்கு யாருடைய மனதுக்குள்ளும் எட்டிப்பார்க்க வேண்டியதில்லை. பொய்யரைத் தேடாமல் பொய்யைக் கண்டுபிடித்துவிடலாம். அதை அணைக்கும் பொறுப்பு, அணைக்கும் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவருடையது. நண்பரின் தளத்தில் அது நண்பர்தான்.

நண்பர் இதை ஒப்புக்கொண்டார். ஆனால் விடவில்லை. "நான் யோக்கியனா இருந்து கடையச் சாத்திட்டேன்னா, நெசவு போடறவங்களுக்கு யாருங்க கூலி குடுப்பாங்க?"

இதற்கு 'நேர்மைதான் கடைசியில் ஜெயிக்கும்' என்ற பதிலைச் சொல்ல நான் தயாராக இல்லை. ஜெயிக்காமலும் போகலாம். லாபம் தருவதால்தான் நேர்மை என்றால், லாபம் நின்ற அன்றைக்கு அதுவும் நின்றுவிடும். அவருக்கு நான் சொன்னது வேறு. கைத்தறிச் சேலைக்கு "இரண்டே மிச்சம்" என்பது பெரும்பாலும் உண்மை. ஒரு பாவில் சில சேலைகள்தான் நெய்ய முடியும். அடுத்த பாவில் அதே சாயம் அதே அளவில் ஏறும் என்று எந்த நெசவாளரும் உறுதி சொல்ல மாட்டார். ஆலையில் ஆயிரக்கணக்கில் வருகிற துணிக்கும் "இரண்டே மிச்சம்" என்று எல்லோரும் போட்டுப் போட்டு, நெசவாளர் சொல்லும் உண்மையான இரண்டை இன்று யாரும் நம்புவதில்லை. எல்லோரும் பொய் வாக்குக் கொடுத்தால் வாக்கு என்ற ஒன்றே இல்லாமல் போய்விடும் என்று கான்ட் இன்னொரு இடத்தில் வாதிடுவார். அது நடந்துகொண்டிருக்கிறது. பொய்க் கடிகாரம் திருடுவது வாங்குகிறவரின் முப்பது ரூபாயை மட்டுமல்ல. தறியில் உட்கார்ந்திருப்பவர் உண்மையைச் சொல்லி விற்கும் வாய்ப்பையும் அது திருடுகிறது. அந்தக் கூலிக்காகத்தான் நண்பர் அதை வைக்க நினைத்தார்.

நண்பர் கடைசி நான்கையும் எடுத்துவிட்டார். இப்போது சில சேலைகளுக்குக் கீழே "இந்தப் பாவில் நெய்தது நான்கு, இரண்டு விற்றுவிட்டன" என்று, தறியில் ஏறியிருக்கும் பாவின் படத்தோடு போடுகிறார். கன்வர்ஷன் கணக்குக்குப் பக்கத்தில், திரும்பி வந்த சேலை எத்தனை, இரண்டாவது தடவை வாங்கியவர் எத்தனை பேர் என்ற இரண்டு எண்களையும் ஒரு நோட்டில் எழுதிவைக்கிறார். பலன் தெரிய ஒரு வருடமாவது ஆகும்.

விலையை மட்டும் அவர் மாற்றவில்லை. எல்லாச் சேலைக்கும் இன்னும் 1,499, 2,499 என்றுதான் இருக்கிறது. "இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயந்தானுங்க, இதுல என்ன பொய்?" என்கிறார். உரைகல்லில் உரசிப் பார்த்தேன். சொன்னாலும் சாகவில்லை, தெரிந்தே நாம் விழுகிறோம். தெரிந்தே விழுவதற்கு யார் பொறுப்பு என்பது பற்றி எங்கள் வாக்குவாதம் இன்னும் முடியவில்லை.